ஸ்பெயின் நாட்டு மணமகன்

டிரெஸ்டன்
12.01.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் எட்காரும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் நோ எப்படி? அம்மா பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாவா?

வருடப் பிறப்பன்று டெலிபோனில் நானும் கத்தினேன், நீங்களும் கத்தினீர்கள். "இனிப் போனில கதைக்கிறேல்லை. சொல்லுறதை எழுது, நானும் எழுதுறன்" என்று வைத்துவிட்டீர்கள். சரி, எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது நீங்கள்தான். ஆகவே எழுத்துப் பிழைகளில் பாதி உங்களுடையது.

எங்கள் கல்யாண அழைப்பிதழின் படத்தைக் கிறிஸ்தோப்பர் மாமாவின் மகள் எனக்கு அனுப்பினாள். மணமகளே கடைசியாகப் பார்க்கும் அழைப்பிதழ் இதுவாகத்தான் இருக்கும். அதில் 'ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த செல்வன் எட்கார் சோக்கே' என்று இருக்கிறது. அப்பா, எட்கார் ஸ்பெயினில் கால் வைத்ததே இல்லை. அவர் பொலிவியாக்காரர். இதை உங்களுக்கு மூன்று முறை சொல்லிவிட்டேன்.

அவர் என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வாசித்துச் சொன்னேன். கேட்டுவிட்டு மருத்துவமனைக்கு வேலைக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அந்த மண்டபத்தில் ஸ்பானியனாக நான் நிற்கமாட்டேன்." அவர் நிற்காவிட்டால் நானும் நிற்கமாட்டேன். அழைப்பிதழைத் திருத்துங்கள்.

இன்னொன்று. கல்யாணம் பதியும் ஸ்டாண்டஸாம்டில் உங்கள் இலங்கைப் பிறப்புச் சான்றிதழைக் கேட்கிறார்கள். தபாலில் அனுப்பிவிடுங்கள்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

நிருஷா


டோர்ட்மண்ட்
25.01.2025

அன்பு மகள் நிருஷாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நாங்கள் இருவரும் நலம். முழங்கால் குளிருக்கு முறைப்பாடு செய்கிறது, நான் அதைக் கேட்பதில்லை. உங்கள் பக்கம் பனி கூட என்று செய்தியில் பார்த்தோம். காதை மூடிக்கொண்டு போ.

உன் கடிதத்தில் பதினொரு பிழை. பாதி என்னுடையது என்றால் மற்ற ஐந்தரைக்கும் நீ பொறுப்பு.

இந்தக் குழப்பத்தைத் தொடங்கியது நீ. முதன்முதல் அவரைப் பற்றிச் சொன்னபோது "லத்தீனோ" என்றாய். நான் பூசையில் வரும் லத்தீன் என்று விளங்கிக்கொண்டு, மாப்பிள்ளை லத்தீன் படித்தவர் என்று பங்கு முழுக்கச் சொல்லிவிட்டேன். கெவ்லார் மாதா திருவிழாவில் அவரைக் கொண்டு லத்தீன் கீதம் பாடுவிக்கக் கிறிஸ்தோப்பர் அண்ணை பாடகர் குழுவில் இடமும் ஒதுக்கிப்போட்டார். பிறகு நீ, "ஐயோ அப்பா, அது இல்லை, அவர் ஸ்பானிஷ் கதைக்கிறவர்" என்றாய். ஸ்பானிஷ் கதைக்கிறவர் ஸ்பானியர். ஒரு முறை மாற்றிச் சொன்னவன் இரண்டாம் முறையும் மாற்றினால் சனம் என்ன நினைக்கும்?

முந்நூறு அழைப்பிதழ் கொடுத்தாயிற்று. ஒருநாள் கூத்து. அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டு நின்றால் போதும், பாஸ்போர்ட்டை ஒருவரும் கேட்கப்போவதில்லை. மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று, ஆனி (ஜூன்) பதினான்கு உறுதி. அம்மா உனக்குக் கத்தரிப்பூ நிறத்தில் கூறைச் சேலை பார்த்திருக்கிறாள்.

ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

அன்பு அப்பா
அ. ஸ்ரனிஸ்லாஸ்


டிரெஸ்டன்
03.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகம் பற்றி நீங்கள் பகிடியாகத்தான் எழுதுவீர்கள், அதனால் அம்மாவிடம் தனியாகக் கேட்டுக்கொள்வேன்.

பொறுமையாக ஒருமுறை விளங்கப்படுத்துகிறேன். ஹிஸ்பானிக் என்பது ஸ்பானிஷ் மொழியை வைத்துப் போடும் பெயர். ஸ்பெயின்காரர் அதற்குள் வருவார், பிரேசில்காரர் வரமாட்டார். லத்தீனோ என்பது அமெரிக்கக் கண்டத்தின் தென்பக்கத்தை வைத்துப் போடும் பெயர். அதில் பிரேசில்காரர் வருவார், ஸ்பெயின்காரர் வரமாட்டார். எட்காரின் அண்ணன் அமெரிக்காவில் படிவம் நிரப்பும்போதெல்லாம் ஹிஸ்பானிக் பெட்டியில் புள்ளடி போடுகிறார். லத்தீனோ என்று சொல்வது அவருக்குப் பெருமை. எட்காருக்கு இரண்டும் ஒட்டவில்லை. "ஊரில் இருக்கும்வரை நான் லத்தீனோ இல்லை. பிராங்பேர்ட்டில் விமானத்தை விட்டு இறங்கியபோதுதான் ஆனேன்" என்பார். வார்டில் நோயாளிகள் அவரை "எங்கள் லத்தீனோ" என்று கூப்பிட்டு ஆடச் சொல்கிறார்கள். அவருக்கு ஆடவே வராது.

அவருடைய தாய்மொழி கெச்சுவா. பள்ளிக்கூடத்தில் அதைப் பேசியதற்காக முழங்காலில் நின்றிருக்கிறார். நிற்க வைத்தவர்கள் பேசியது ஸ்பானிஷ். அப்பா, நீங்கள் கொழும்புக் கடையில் வேலை செய்ததால் சிங்களம் நன்றாகப் பேசுவீர்கள். அதைக் கேட்ட ஒருவர் உங்கள் பெயரில் 'சிங்களவர்' என்று அழைப்பிதழ் அடித்தால், சிரித்துக்கொண்டு நிற்பீர்களா?

பிறப்புச் சான்றிதழ் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. எனது பிறப்புப் பதிவில் 'தந்தையின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை' என்று ஒரு குறிப்பு இருக்கிறதாம். பதிவாளர் பெண்மணி காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய அகதிக் காலத்து அலட்சியம் என்று நினைக்கிறேன். உங்கள் சான்றிதழ் வந்தால் அதை எடுத்துவிடுவார்களாம். வராவிட்டால் ஆனி ஆறாம் திகதிப் பதிவு நடக்காது.

அன்புடன்
நிருஷா


டோர்ட்மண்ட்
01.03.2025

அன்பு மகளுக்கு,

நலம். உன் நலத்துக்கு ஒவ்வொரு ஞாயிறும் மெழுகுதிரி ஏற்றுகிறேன். பதில் பிந்தியதற்குக் குறை நினைக்காதே, முதியோர் இல்லச் சமையலறையில் இரண்டு பேர் லீவு, நான் இரண்டு பேரின் வேலையும் பார்க்கிறேன்.

சிங்களவர் என்று எழுதினாயே, அது கொஞ்சம் சுட்டது. மறைக்கவில்லை.

ஆனால் நானும் ஒன்று சொல்கிறேன். நான் வந்த புதிதில் கோப்பை கழுவிய உணவகத்தில் தலைமைச் சமையற்காரர் என்னைப் பத்து வருடம் "இந்தியன்" என்றுதான் கூப்பிட்டார். ஒருநாளும் திருத்தவில்லை. அந்தச் சொல்லுக்குச் சம்பளம் வந்தது, வீடு வந்தது, நீ வந்தாய். சொல் என்பது மழைக்குப் போடும் கோட்டு, மகள். உள்ளே வந்ததும் கழற்றிவிடலாம். உன் ஆள் வாசலில் நின்றுகொண்டு கோட்டின் நிறம் சரியில்லை என்கிறார்.

வேண்டுமென்றால் மண்டபத்தில் அறிவிக்கும்போது 'லத்தீன் அமெரிக்கா' என்று சொல்லச் சொல்கிறேன். அதற்கு மேல் என்னால் ஏலாது.

சமையலுக்குப் பத்மா அக்கா ஒத்துக்கொண்டுவிட்டா. ஆட்டிறைச்சியும் உண்டு, மரக்கறியும் உண்டு.

அப்பா


டிரெஸ்டன்
09.03.2025

அப்பாவுக்கு,

அம்மா சுகம் என்று அம்மாவே சொன்னா. நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னா. ஏன் என்று கேட்டால் வேறு கதை கதைக்கிறா.

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். ஆட்டிறைச்சி இருக்கிறது, மெழுகுதிரி இருக்கிறது, சான்றிதழ் இல்லை. இரண்டு முறை கேட்டுவிட்டேன். இப்போது எனக்கு விளங்கிவிட்டது. மாப்பிள்ளை ஸ்பானியராக இருந்தால் சான்றிதழ் உண்டு, பொலிவிய மலைநாட்டுப் பழங்குடியாக இருந்தால் இல்லை. வாயால் மாட்டேன் என்று சொல்லாமல், ஒரு கடதாசியை ஒளித்து வைத்து என் கல்யாணத்தை நிறுத்தப் பார்க்கிறீர்கள். நேரே சொல்லியிருந்தால் உங்களில் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

எட்கார் உங்களுக்கு ஜெர்மனில் ஒரு கடிதம் எழுதினார். அதைத் தமிழாக்கி இத்துடன் வைக்கிறேன். சித்திரை முப்பதுக்குள் சான்றிதழ் வராவிட்டால் நாங்கள் திகதியை விட்டுவிடுவோம். மண்டபத்தையும் விட்டுவிடுங்கள்.

நிருஷா

[உள்ளே வைத்தது]

மதிப்புக்குரிய திரு ஸ்ரனிஸ்லாஸ் அவர்களுக்கு,

நீங்களும் நிருஷாவின் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உங்களோடு சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. நீங்கள் என்னை இழிவாக ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் பார்வையில் உயர்த்தித்தான் சொன்னீர்கள் என்று தெரியும். அதுதான் எனக்கு நோகிறது. என் அம்மா எங்கள் ஊரான தரத்தாவின் சந்தையில் உருளைக்கிழங்கு விற்பவர். கல்யாணத்துக்குத் தன் ஊர்ப் பாவாடையோடும் தொப்பியோடும் வருவார். நான் ஸ்பானியன் என்றால், மண்டபத்தில் என் பக்கத்தில் நிற்கும் அந்தப் பெண் யார் என்று உங்கள் விருந்தாளிகளுக்கு என்ன சொல்வீர்கள்?

மரியாதையுடன்
எட்கார் சோக்கே


டோர்ட்மண்ட்
16.04.2025

அன்பு மகள் நிருஷாவுக்கு,

நீ சுகமாக இரு. என் சுகத்தை இந்தக் கடிதத்தின் முடிவில் நீயே தீர்மானித்துக்கொள்.

ஐந்து கிழமையாக நான் எழுதவில்லை. எழுதிக் கிழித்தேன் என்பதுதான் சரி. எட்காரின் தாயைப் பற்றிய வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. எழுபத்தெட்டாம் ஆண்டு பள்ளிக்கூடத்துக்காக எடுத்த பிரதி, பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அதில் ஸ்ரனிஸ்லாஸ் என்ற பெயர் இல்லை. கந்தையா இராசலிங்கம் என்று இருக்கிறது. அதுதான் நான்.

எண்பத்தைந்தில் எனக்கு இருபத்தொரு வயது. பாஸ்போர்ட் எடுக்க வழியில்லை. ஏஜென்சிக்காரன் ஒரு பாஸ்போர்ட்டை நீட்டி, "படம் மாத்தியாச்சு. இண்டையிலயிருந்து நீ அந்தோனிப்பிள்ளை ஸ்ரனிஸ்லாஸ். வேதக்காரன். கேட்டா ஒரு செபம் சொல்லத் தெரியவேணும்" என்றான். கிழக்குப் பெர்லினில் இறங்கும்வரை பரலோக மந்திரத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பாஸ்போர்ட்டின் உண்மையான சொந்தக்காரர் யார், உயிரோடு இருக்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்காகவும்தான் மெழுகுதிரி ஏற்றுகிறேன்.

பெயரை நம்ப வைப்பதற்காகக் கோயிலுக்குப் போனேன். பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. ஞானஸ்நானம் எடுக்காமலே நாற்பது வருடம் நற்கருணை எடுத்தவன் உன் அப்பன். உன் அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முதல்நாள் சொன்னேன். நன்றாக அழுதுவிட்டு, "கூப்பிட ஒரு பேர் இருந்தாப் போதும்" என்றாள். அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. நீ பிறந்தபோது நான் சான்றிதழ் கொடுக்காததால் அந்தக் குறிப்பை எழுதினார்கள். அன்றைக்கே பார்த்தேன். ஒருநாள் அது உன் காலைத் தடுக்கும் என்று தெரிந்துகொண்டே முப்பத்தொரு வருடம் இருந்தேன்.

நான் உன் கல்யாணத்தை நிறுத்தப் பார்க்கவில்லை, மகள். எனக்குப் பயம். குடியுரிமையைப் பறிப்பார்களோ, உன் அம்மாவின் பெயரையும் உன் பெயரையும் இழுப்பார்களோ, கோயிலில் என்ன முகத்தோடு நிற்பேன் என்று பயம். ஸ்பானியர் என்று அடித்ததும் அதே பயத்தில்தான். உள்ளே வருவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி பொய்ப் பெயர். அதையே உன் ஆளுக்கும் கொடுத்தேன்.

திட்டு. ஆனால் பதில் எழுது.

அப்பா


டிரெஸ்டன்
19.04.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்குச் சுகமில்லை. உங்களுக்கும் இருக்காது. அம்மாவுக்குப் பக்கத்தில் இருங்கள்.

கோபம் இருக்கிறது. என் டிப்ளோமாவில் இருக்கும் பெயர், கதவு மணியில் ஒட்டியிருக்கும் பெயர், எல்லாம் யாரோ ஒருவருடையது. நேற்று முழுக்க அந்த மணியைப் பார்த்துக்கொண்டு படியில் இருந்தேன். அதை நான் உங்களோடு பிறகு சண்டை பிடிப்பேன். இப்போது நேரமில்லை.

சான்றிதழை அனுப்ப வேண்டாம். அனுப்பவே வேண்டாம். நாங்கள் டென்மார்க்கில் பதிந்துகொள்கிறோம், அங்கே இவ்வளவு கடதாசி கேட்கமாட்டார்களாம். எட்காரிடம் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள், அவரிடம் மறைக்க முடியவில்லை. இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "உன் அப்பாவுக்கு ஆபத்தில்லாமல் இருக்குமென்றால் அன்றைக்கு ஸ்பானியனாகவே நிற்கிறேன்" என்றார். அழைப்பிதழ் அப்படியே இருக்கட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு சொல் எழுதுங்கோ. போனிலும் சொல்லலாம்.

நிருஷா


டோர்ட்மண்ட்
29.04.2025

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். இந்த முறை அது பகிடி இல்லை, நேற்று அம்மா ஒரு தட்டுச் சோறு முழுக்கச் சாப்பிட்டாள்.

உன் கடிதம் பிந்திவிட்டது. உனக்கு எழுதிய மறுநாளே பெரிய வியாழன் பூசைக்குப் போனேன். சுவாமியார் கால் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் என்னையும் போட்டிருந்தார்கள். என்னால் அந்தக் கதிரையில் இருக்க ஏலாமல் போய்விட்டது. பூசை முடிந்ததும் சுவாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கிறிஸ்தோப்பருக்குச் சொல்லிப்போட்டியளோ?" என்றுதான் முதலில் கேட்டார். கடவுளைவிடப் பாடகர் குழுவுக்குத்தான் அவருக்கும் பயம்.

உயிர்த்த ஞாயிறு முடியச் சட்டத்தரணியிடம் போனேன். குடியுரிமை எடுத்து இருபது வருடம் தாண்டியதால் பெரிதாக ஒன்றும் நடக்காது என்று தான் நினைப்பதாகச் சொன்னா. 'நினைக்கிறேன்' என்ற சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவவோடே போய்ச் சான்றிதழைக் கொடுத்துவிட்டேன். பதிவுக் கந்தோரில் என் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். முதல் தரம் ஸ்ரனிஸ்லாஸ் என்று வந்துவிட்டது. இரண்டாம் தரம்தான் இராசலிங்கம் வந்தது.

விசாரித்து முடிக்க மாதங்கள் எடுக்குமாம். ஆனியில் பதிவு நடக்காது, அதற்கு மன்னித்துக்கொள். மண்டபத்தைப் புரட்டாதி இருபதுக்கு மாற்றிவிட்டேன். ஆகவே புதிய அழைப்பிதழ். எட்காரிடம் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன்: 'பொலிவியா தரத்தாவைப் பிறப்பிடமாகவும் டிரெஸ்டனை வதிவிடமாகவும் கொண்ட'. மரண அறிவித்தல் போல இருக்கிறது என்கிறாள் அம்மா. அவருக்கு அதுதான் வேண்டுமாம், வேறு ஒரு நாமமும் வேண்டாமாம்.

ஒரு இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. மணமகளின் தகப்பன் பெயர். ஸ்ரனிஸ்லாஸ் என்று போடவா, இராசலிங்கம் என்று போடவா? உன் கல்யாணம், உன் பெயர். நீ சொல்வதைப் போடுகிறேன்.

அப்பா


டிரெஸ்டன்
02.06.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். எட்கார் உங்களையும் அம்மாவையும் விசாரித்தார்.

ஒரு மாதமாக எழுதவில்லை. கோபம் கொஞ்சம், வெட்கம் மிச்சம். உங்களைக் கள்ளன் மாதிரி எழுதினேன், மன்னியுங்கோ அப்பா.

நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கே பதில் எழுதினேன். 'ஸ்ரனிஸ்லாஸ் என்றே போடுங்கள். எனக்குத் தெரிந்த அப்பாவின் பெயர் அதுதான், சனமும் கேள்வி கேட்காது' என்று. உறையில் முத்திரையும் ஒட்டினேன். ஒட்டிவிட்டு இன்னொரு தரம் வாசித்தேன். எனக்கு எது வசதி, சனத்துக்கு எது வசதி, எல்லாம் அதில் இருந்தது. உங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கிழித்துவிட்டேன்.

நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்லுங்கோ. உங்களை எந்தப் பெயரால் கூப்பிட உங்களுக்கு விருப்பம்?

அன்பு மகள்
நிருஷா


டோர்ட்மண்ட்
14.06.2025

அன்பு மகள் நிருஷாவுக்கு,

அம்மா நலம், நான் நலம். பிழை இரண்டுதான், திருத்தாமல் விட்டுவிட்டேன்.

நாற்பது வருடத்தில் இதை என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. வாசித்துவிட்டு வேலைக்குப் போக மனமில்லாமல் இருந்துவிட்டேன். கோயிலில் ஸ்ரனிஸ்லாஸ் என்று கூப்பிடுகிறவர்கள் கூப்பிடட்டும், திரும்பிப் பார்ப்பேன், அதுவும் என் பெயராகிவிட்டது. ஆனால் உன்னைக் கையில் பிடித்துக்கொடுக்கும் இடத்தில் இரவல் பெயரோடு நிற்க எனக்கு விருப்பமில்லை.

நேற்று அச்சகத்துக்குப் போனேன். புதிதாக எடுத்து நடத்தும் சேயோன் எழுத்துப் பிழை பார்ப்பதற்காக உரத்து வாசித்தார். எட்காரின் ஊரைச் சரியாக வாசித்தார். உன் பெயரை வாசித்தார். பிறகு நிறுத்தி, "அண்ணை, உங்கட மனிசி ஜெயமலர் அக்காவைத் தெரியும். இந்த இராசலிங்கம் ஆர்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது போல. அங்கே நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்பு அப்பா